புதிய கடனைவிடப் பழைய இயந்திரம் மேல்

புரட்டாதி முடிந்து முதல் மழை இரண்டு தரம் நன்றாக இறங்கிவிட்டால், துணுக்காய்ப் பகுதியில் எல்லோருக்கும் ஒரே கிழமையில் உழவு இயந்திரம் தேவைப்படுகிறது. மண் பதமாக இருக்கும் நாட்கள் பத்துப் பன்னிரண்டுதான். அந்த நாட்களில் யாருடைய வயல் முதலில் உழப்படுகிறது, யாருடையது கடைசியில் உழப்படுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முற்பணம் கொடுக்கக் கூடியவரின் வயல் முதலில். இயந்திரக்காரரின் உறவினர் வயல் அடுத்தது. கணவனை இழந்த பெண்ணின் வயலும், வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து குத்தகைக்குச் செய்பவரின் வயலும் எப்போதும் கடைசியில்தான். பிந்தி விதைத்த வயலில் புல் முந்துகிறது. மார்கழி வெள்ளம் வரும்போது பயிர் இளம்பயிராகவே நின்று மூழ்குகிறது. மாசியில் குளத்து நீர் குறையும்போது அதே வயல்தான் முதலில் காய்கிறது. வறுமைக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. உழவு பிந்துவதும் அவற்றுள் ஒன்று என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

இதிலிருந்து தப்ப ஒரே வழி சொந்தமாக ஒரு புதிய உழவு இயந்திரம் எடுப்பதுதான் என்று பலர் எண்ணுகின்றனர். பணம் கொடுக்க லீசிங் கம்பனிகளும் ஆயத்தமாக இருக்கின்றன. எமது கருத்து வேறு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் தனியாகப் புதிய இயந்திரத்தைக் கடனில் எடுப்பது அறிவுடைமையன்று. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல பழைய இயந்திரத்தைக் கைக்காசில் வாங்கி, முறையாகத் திருத்தி, எழுதிய ஒழுங்கின்படி பயன்படுத்துவதே இன்றைய நிலையில் எமக்குப் பொருத்தமான வழி. அதற்கான காரணங்களையும், செய்ய வேண்டியவற்றையும், செய்யக் கூடாதவற்றையும் இங்கே எடுத்துக் கூறுகிறோம்.

ஒரு சிறு கணக்கு

ஐந்து குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஏக்கர், மொத்தம் 15 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து குதிரைவலுவுள்ள ஒரு நான்கு சில்லு இயந்திரம் கொத்துக் கலப்பையுடன் ஒரு ஏக்கரை ஒரு தடவை உழுவதற்கு, வரம்பு திரும்பும் நேரத்தையும் சேர்த்து, தாராளமாக ஒன்றரை மணித்தியாலம் கொள்ளுங்கள். முதல் உழவும் மறுத்துழுவதும் என இரண்டு தடவை. 15 ஏக்கருக்கு 45 மணித்தியாலம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் ஆறு நாள்.

அதாவது மண் பதமாக இருக்கும் நாட்களில் ஏறக்குறைய பாதியிலேயே ஐந்து குடும்பங்களின் உழவும் முடிந்துவிடுகிறது. மீதி நாட்களில் அயலவருக்குக் கூலிக்கு உழலாம். மறுபக்கம் பாருங்கள்: மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு போகத்துக்கு வேண்டியது ஒன்பது மணித்தியால உழவு மட்டுமே. ஒன்பது மணித்தியாலத்துக்காக ஐந்து வருடக் கடனைத் தலையில் ஏற்றுவதா?

கடன் எடுத்தவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். ஆகவேதான் தவணை கட்டுவதற்காக அவர் இயந்திரத்தை வருடம் முழுவதும் ஓட்ட வேண்டியவராகிறார். முன்பு சூடடிப்பு ஒரு நல்ல வருமானமாக இருந்தது. களத்தில் கதிரைப் பரப்பி இரவிரவாக இயந்திரம் சுற்றிய காலம் அது. இப்போது பெரிய அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தந்துவிடுகிறது. அந்த வருமானம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது பெட்டி ஓட்டம். கல்லும் விறகும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. அனுமதியில்லாத ஆற்று மணலை இரவில் ஏற்றினால் காசு உடனே கிடைக்கிறது. ஒரு நாள் பொலிஸில் அகப்பட்டால் இயந்திரமும் போய், வழக்கும் வந்து, தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது. ஆற்றைத் தோண்டும் கைகளைக் குறை கூறுகிறோம். அந்தக் கைகளை அங்கே தள்ளிய தவணைப் புத்தகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லீசிங் முறையில் இன்னொரு விடயமும் உண்டு. கடைசித் தவணை கட்டி முடியும்வரை இயந்திரத்தின் முழு உரிமையாளராகப் பதிவில் நிற்பது கம்பனியே. நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டியவரும் ஐந்தாம் வருடம் வெள்ளமோ வறட்சியோ வந்து தவறினால் வெறுங்கையோடு நிற்க நேரலாம். கமக்காரருக்குக் காசு வருவது காலபோகத்திலும் சிறுபோகத்திலும், ஆக வருடத்துக்கு இரண்டு தடவை. தண்ணீர் இல்லாத வருடம் ஒரு தடவைதான். தவணையோ மாதத்துக்கு ஒரு தடவை. இந்தப் பொருத்தமின்மையே பல குடும்பங்களின் நகையை அடைவு கடைக்கு அனுப்பியது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எவ்வளவு துன்பத்தை விளைத்தது என்பதை நாம் அறிவோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை 2018 இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தது. நிலைமை அவ்வளவுக்குப் போயிருந்தது.

வன்னியில் உழவு இயந்திரம் வந்த வழி

1950களில் வவுனிக்குளம் திருத்தப்பட்டு, அதன் கீழ் மக்கள் குடியேறினர். காடு வெட்டி வயலாக்கிய அந்தத் தலைமுறை எருமையையும் மாட்டையுமே நம்பியிருந்தது. 1970 தொடக்கம் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் வடக்குக் கமக்காரரின் கையில் காசு புழங்கியது. அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னரும் சிவப்பு நிற மசி பெர்குசன் இயந்திரங்கள் எமது ஊர்களில் பழகிப்போன காட்சியாகின. அவற்றுள் பேர்பெற்றது 135 என்ற இலக்கமுடையது. 1964 இன் இறுதியில் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1975 வரை கொவென்றி நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதில் பூட்டப்பட்ட மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் இன்றும் எமது கராஜ்காரர் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக் கூடிய எஞ்சின். அந்தத் தொழிற்சாலை 2002 இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் சென்னையிலுள்ள டாபே நிறுவனமும் பாகிஸ்தானின் லாகூரிலுள்ள மில்லத் நிறுவனமும் அதே வழிவந்த இயந்திரங்களைச் செய்துவந்தபடியால் உதிரிப்பாகங்களுக்குப் பெரும் தட்டுப்பாடு இல்லை.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 வரை நீடித்தது. டீசல், பற்றரி, ரயர், உரம் எல்லாம் தடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பன்னிரண்டு வருடமும் வன்னியின் வயல்கள் உழப்பட்டன என்றால் அது பழைய இயந்திரங்களாலும், அவற்றை மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்மாராலும்தான். மண்ணெண்ணெயுடன் சிறிது எண்ணெய் கலந்து ஊற்றினர். தேய்ந்த ரயருக்குள் இன்னொரு ரயரின் துண்டை வைத்துத் தைத்தனர். பற்றரி இல்லாதபோது சரிவில் தள்ளி ஸ்ரார்ட் செய்தனர். 1995 ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட மக்களுள் பல்லாயிரம் பேர் பின்னர் வன்னிக்கு வந்து மல்லாவி, துணுக்காய், அக்கராயன் பகுதிகளில் தங்கியபோது அவர்களுக்குச் சோறு போட்ட நெல்லும் அந்த இயந்திரங்கள் உழுத வயலில் விளைந்ததே.

2008 ஆவணி, புரட்டாதி மாதங்களில் துணுக்காயும் மல்லாவியும் இடம்பெயர்ந்தன. கூரைத் தகடு, கதவு நிலை, நெல் மூட்டை, கோழிக்கூடு, பாட்டி, குழந்தை எல்லாம் ஒரே பெட்டியில் ஏறின. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் சாமான் குறைந்தது. இறுதியில் 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் இயந்திரமும் கைவிடப்பட்டது. எரிந்தவை ஒருபுறம், உப்பு நீரில் புதைந்தவை ஒருபுறம். மெனிக் பாம் முகாமிலிருந்து மக்கள் திரும்பியபோது, முல்லைத்தீவு மாவட்டத்தில் முதலில் மீள்குடியேற்றம் தொடங்கிய பகுதிகளுள் துணுக்காயும் ஒன்று. 2009 இன் கடைசி மாதங்களில் வந்தவர்களிடம் மண்வெட்டி இருந்தது, உழவு இயந்திரம் இல்லை. அதன்பின் இந்திய அரசு வடமாகாணத்துக்கு 500 நான்கு சில்லு இயந்திரங்களை உபகரணங்களுடன் வழங்கியது. அது பேருதவி. ஆனால் பதினைந்து வருடம் கழிந்த பின்னும் ஒவ்வொரு குடும்பத்தின் உழவுக்கும் அந்த ஒரு உதவியையே நம்பியிருக்க முடியாது.

இந்த வரலாற்றைக் கூறுவது பெருமைக்காக அன்று. சந்தைக்கு வரும் ஒவ்வொரு பழைய இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் இந்த வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் வாங்குபவர் ஏமாறுவார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, பத்திரம். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்குமுன் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். எஞ்சினில் அடித்துள்ள எண்ணும், சட்டத்து எண்ணும், இலக்கத்தகடும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். போரில் இரண்டு மூன்று இயந்திரங்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவை உண்டு. உழைப்பைப் பாராட்டலாம், பத்திரம் ஒவ்வாவிட்டால் வாங்கக் கூடாது. புத்தகத்தில் பெயருள்ளவர் உயிரோடு இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். காணாமற்போனவரின் பெயரிலுள்ள இயந்திரமானால் இன்னும் கூடுதலான கவனம் தேவை. அது இன்னொரு குடும்பத்தின் கடைசிச் சொத்தாக இருக்கலாம். கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரத்தில் கைமாறிக் கைமாறி வந்த வண்டியை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறாத இயந்திரம் உங்களுடைய இயந்திரம் அன்று.

இரண்டாவது, எஞ்சின். காலையில், சொல்லாமல் போங்கள். எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னரே ஸ்ரார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த நிலையில் ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள். புகையைக் கவனியுங்கள். நீலப்புகை நின்றபாடில்லை என்றால் ஒயில் எரிகிறது. றிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். சுமையில் கரும்புகை என்றால் நொசில், பம்ப், அல்லது காற்று வடிகட்டி. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மூச்சுப்போல் புகை தள்ளுகிறதா? ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் கலந்திருக்கிறது. அரை மணித்தியாலம் ஓடிச் சூடேறிய பின் மெதுவான ஓட்டத்தில் ஒயில் அமுக்க மானி விழுந்துவிட்டால் கிராங் பக்கத்துச் செலவு காத்திருக்கிறது.

தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரத்தில் எரிபொருள் பம்ப்தான் முக்கியமாகப் பார்க்கப்பட வேண்டியது. அந்தப் பம்புக்கு உள்ளே தனியான ஒயில் கிடையாது. அதற்குள் ஓடும் டீசலே அதன் தேய்வைத் தடுக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது. அப்படித் தேய்ந்த பம்ப், குளிரில் ஸ்ரார்ட் ஆகிச் சூடேறியதும் இழுவை குறையும். நிறுத்தினால் மீண்டும் ஸ்ரார்ட் ஆக மறுக்கும். அதனால் சூடான எஞ்சினை நிறுத்தி உடனே மறுபடி ஸ்ரார்ட் செய்து பார்க்காமல் எழும்ப வேண்டாம்.

மூன்றாவது, உடல். இவ்வகை இயந்திரத்துக்குத் தனியான சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்னச்சுக் கூடு மூன்றும் ஒன்றோடொன்று போல்ற் போட்டு இணைந்தே முதுகெலும்பாக நிற்கின்றன. ஷெல் துண்டு பட்டு வெடித்த கூட்டை ஒட்டிப் பெயின்ற் அடித்திருப்பார்கள். அடிப்பக்கம் படுத்துப் பாருங்கள். ஒட்டுத் தழும்பு இருந்தால் விலகுங்கள். கடற்கரையில் கிடந்து மீண்ட இயந்திரமானால் வெளியே துரு நீக்கப்பட்டிருக்கும், ஹைட்றோலிக்கின் உள்ளே உப்புத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கலப்பையைப் பூட்டி உயர்த்தி எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிடத்துக்குள் கலப்பை தானாக நிலத்துக்கு வந்துவிட்டால் உள்ளே கசிவு உண்டு. சுமையோடு மேட்டில் ஏறும்போது கியர் தானாக விலகுகிறதா என்றும் பாருங்கள்.

உங்களுக்கு இவை தெரியாவிட்டால் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவருக்கு அறிமுகமானவரை அழைக்காதீர்கள். ஒரு நாள் கூலி பெரிய செலவன்று.

பணத்தைப் பத்துப் பங்காக்குங்கள்

பழைய இயந்திரம் வாங்கித் தோற்றுப்போகிறவர்களிற் பெரும்பாலானோர் கையிலிருந்த எல்லாவற்றையும் கொடுத்து வாங்கியவர்கள். திருத்தக் காசில்லாமல் அது மரத்தடியில் நிற்கும். பிறகு திருத்துவதற்கென்று வட்டிக்கு எடுப்பார்கள். எமது ஆலோசனை இது: சேர்த்த பணத்தைப் பத்துப் பங்காக்குங்கள். ஐந்து பங்குக்கு மேல் வாங்குவதற்குக் கொடுக்காதீர்கள். நான்கு பங்கு திருத்துவதற்கு. ஒரு பங்கு முதற்போகத்தில் திடீரென்று வரும் செலவுக்கு. 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. ஆகவே திருத்தச் செலவை மதிப்பிடும்போது பழைய ஞாபகத்தில் விலை சொல்லாமல் கடையில் கேட்டு எழுதுங்கள்.

திருத்துவதிலும் ஒரு வரிசை உண்டு. ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். பிறேக்கும் ஸ்ரியறிங்கும் முதலாவது. முன்னச்சு ஊசிகளில் ஆட்டம் இருந்தால் அதுவும் இதோடு சேரும். அடுத்து எரிபொருள்: தாங்கியைக் கழற்றிக் கழுவி, வடிகட்டிகளை மாற்றி, குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். பல இயந்திரங்கள் எஞ்சின் போய்விட்டதென்று கைவிடப்பட்டவை. உண்மையில் அழுக்கு டீசலே அவற்றின் நோய். பிறகு காற்று: ஒயில் தொட்டி வடிகட்டியைக் கழுவிக் குறியிட்ட அளவுக்கு ஒயில் ஊற்றுங்கள். புழுதி விதைப்புக்கு உழும் நாட்களில் அதைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும். ஒரு போகப் புழுதியை எஞ்சின் குடித்தால் புது லைனரும் ஒரு வருடத்தில் பழையதாகிவிடும். பிறகு தண்ணீர்: றேடியேற்றரைக் கழுவி, கிணற்று நீருக்குப் பதிலாகச் சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு குழாய்களை அடைக்கும்.

நன்றாக ஸ்ரார்ட் ஆகி, ஒயில் அமுக்கம் சரியாக இருக்கும் எஞ்சினைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் புதிதாகும் என்று சொல்பவருக்குக் கூலி கிடைக்கும், உங்களுக்குச் செலவு கிடைக்கும். ஒரு போகம் ஓடுங்கள், எவ்வளவு ஒயில் குடிக்கிறது என்று எழுதுங்கள், பிறகு முடிவெடுங்கள். பெயின்ற் எல்லாவற்றுக்கும் கடைசி. கழிவு ஒயிலை வாய்க்காலிலோ குளத்தோரத்திலோ ஊற்றாமல் பரலில் சேர்த்து வைக்க வேண்டும். நாம் குளிப்பதும் குடிப்பதும் அந்த நீரில்தான்.

பங்காளிகளின் ஒழுங்கு

"பொது மாட்டுக்குப் புல் போடுபவர் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். இந்த எதிர்ப்பில் உண்மை உண்டு. எல்லோருக்கும் சொந்தமான இயந்திரம் ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் பழுதாவதை நாம் கண்டிருக்கிறோம். இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு ஒழுங்கைக் கொடுக்காமல் போகும் உதவித் திட்டங்களின் கதி அது. ஆகவே வாங்குவதற்கு முன், பணம் கைமாறுவதற்கு முன், ஐந்து குடும்பங்களும் உட்கார்ந்து எழுத வேண்டியவை சில:

பதிவு யார் பெயரில்? ஒருவர் பெயரில் இருந்தால் மற்ற நால்வரின் பங்கும் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். அவர் இறந்தால், அல்லது வெளிநாடு போனால், என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவரே. அவருக்குக் கூலி உண்டு, பங்காளியானாலும் உண்டு. டீசல் அவரவர் வயலுக்கு அவரவர். ஒவ்வொரு ஏக்கருக்கும், சொந்த வயலானாலும், ஒரு தொகை திருத்த நிதிக்குப் போக வேண்டும். வெளியாருக்கு உழும் கூலியும் அதே கணக்குக்கு. மணிக்கணக்கு மானி வேலை செய்யாவிட்டால் முதலில் அதைத் திருத்துங்கள். அதன் இலக்கத்தைக் கொப்பியில் எழுதினால் பாதிச் சண்டை வராது.

முக்கியமானது உழவு வரிசை. முதல் வருடம் சீட்டுக் குலுக்கி வரிசையைத் தீர்மானியுங்கள். அடுத்த வருடம் அதே வரிசையைத் தலைகீழாக்குங்கள். மேட்டுக்காணி முந்திக் காயும், பள்ளக்காணி முந்தி நீர் கட்டும் என்பதால் சிறு மாற்றங்கள் செய்யலாம். பணத்துக்காகவும் செல்வாக்குக்காகவும் மாற்றக் கூடாது. ஐவரில் ஒருவராவது குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணாக இருக்கட்டும். கணக்குக் கொப்பியும் திருத்த நிதியும் அவரிடமே இருக்கலாம். பெண்கள் நடத்தும் சங்கங்களில் கொப்பி எவ்வளவு நேர்த்தியாக இருக்கும் என்பதை நாம் அறிவோம். இப்படிச் செய்தால், இதுவரை கடைசியில் உழப்பட்ட வயல் யாரையும் கெஞ்சாமல் தன் முறைக்கு உழப்படும். இந்தக் கட்டுரையின் நோக்கம் இயந்திரமன்று, இதுவே.

யார் வாங்கக் கூடாது?

எல்லோரும் வாங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. சேர்ந்து செய்ய ஐவர் கிடைக்காமல், தனியே இரண்டு ஏக்கருக்குள் செய்பவருக்கு இரு சில்லு இயந்திரமே போதும். எரிபொருள் குறைவு, வீட்டுத் தாழ்வாரத்திலேயே வைத்துத் திருத்தலாம். காணி இன்னும் கையில் கிடைக்காதவர்களும், அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரியாத குத்தகைக்காரரும் இயந்திரத்தில் காசைப் போட வேண்டாம். சேமிப்பு வங்கியில் இருக்கட்டும். கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யப்படாத நிலத்தில் எந்த இயந்திரத்தையும் இறக்கக் கூடாது. பழைய இரும்பு பொறுக்கி உதிரிப்பாகம் தேடுவதும் ஆபத்து. அப்படித் தேடியவர்கள் வெடிபொருளில் அகப்பட்டு இறந்திருக்கிறார்கள்.

புதிய இயந்திரம் கெட்டது என்றும் நாம் சொல்லவில்லை. அது டீசலைக் குறைவாகக் குடிக்கும், பெரிய றோட்டவேற்றரை இழுக்கும், உத்தரவாதமும் உண்டு. கமக்காரர் அமைப்பொன்று முழுப் பணத்தையும் சேர்த்து வாங்குமானால் வரவேற்போம். எமது எதிர்ப்புத் தனிக் குடும்பத்தின் தோளில் ஏறும் மாதத் தவணைக்கே. பழைய இயந்திரத்துக்கும் குறைகள் உண்டு. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் சட்டம் இல்லை. ஆகவே இழுவைச் சங்கிலியை உயரமாகப் பூட்டாமல் கீழேயுள்ள கொழுக்கியிலேயே பூட்ட வேண்டும். சுழலும் பின்தண்டுக்கு மூடி போடாமல் சேலையோ சாரமோ கட்டியவர் கிட்டப் போகக் கூடாது. இரவில் மாங்குளம் வீதியில் பெட்டியோடு வருபவர் பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிதெறிக்கும் தகடோ இல்லாமல் வரக் கூடாது.

எஞ்சியிருப்பது ஒன்று

தடைக்காலத்தில் இந்த இயந்திரங்களைக் காத்த மெக்கானிக்மாருக்கு இன்று வயதாகிவிட்டது. சிலர் போரில் மறைந்தனர், சிலர் வெளிநாட்டில். இருப்பவர்களின் கைத்திறன் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. உங்கள் இயந்திரத்தைத் திருத்தக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: ஐந்து குடும்பங்களிலிருந்தும் ஒரு இளைஞனோ யுவதியோ கூட நின்று பழக வேண்டும். மெக்கானிக்குக் கூலியோடு சேர்த்து அதற்கும் ஒரு தொகை கொடுங்கள். திருத்தம் முடியும்போது இயந்திரத்தோடு ஒரு தொழிலும் வீடு வரும். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், தன் இயந்திரத்தை அறிந்தவர் ஒரு லீற்றரையும் வீணாக்காமல் உழுதார். அறியாதவர் கிடைத்த டீசலையும் கசியவிட்டார்.

நாம் பலமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்கள். விட்டு வந்தவற்றுள் இயந்திரமும் ஒன்று. அதைத் திருத்தத் தெரிந்த அறிவு மட்டும் எம்மோடு கூடவே வந்தது. அடுத்த காலபோகத்துக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. அயலில் உள்ள நான்கு குடும்பங்களோடு இப்போதே பேசத் தொடங்குங்கள். இயந்திரம் பார்க்கப் போவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். அதன் முதற் பக்கத்தில் ஐந்து பெயர்களையும், அவற்றின் கீழே உழவு வரிசையையும் எழுதுங்கள்.